வீட்டுக்கு வராத மீன்

ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வு கிடையாது என்பதை வங்கியில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கொட்டாஞ்சேனைக் கிளையில் கவுண்டருக்குப் பின்னால் இருந்து தேய்ந்த காலமெல்லாம், வெள்ளவத்தை வீட்டில் சாய்ந்து கிடந்து பேப்பர் படிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நடந்தது வேறு. எங்கள் மாடிக் குடியிருப்பில் லிஃப்ட் பழுதென்றால் என்னிடம் வந்தார்கள். தண்ணீர் மோட்டர் நின்றால் என்னிடம் வந்தார்கள். சொந்தக்காரர் யாராவது கொழும்புக்கு வைத்தியத்துக்கு வந்தால், பொரளைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கியூவில் நிற்பதற்கும் நான்தான். "நீங்கள் சும்மாதானே இருக்கிறியள்" என்பார்கள். அட கோதாரி, சும்மா இருப்பதற்குக்கூட என்னை விடவில்லையே! காலையில் எழும்பும்போதே அலுப்பு. படுக்கும்போதும் அதே அலுப்பு.

அந்த அலுப்பில்தான் தூண்டில் பழகினேன். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொல்லியிருந்தார். எங்கள் ஒழுங்கையில் இறங்கி, மரைன் டிரைவைக் கடந்து, ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துத் தண்டவாளத்தையும் தாண்டினால் கருங்கற்கள். அதற்கு அப்பால் கடல். கற்களின் மேல் நாலைந்து பேர் எப்போதும் தடியோடு நிற்பார்கள். ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. மீனில் அல்ல, அந்தக் கதையில்லாத நிற்பில்.

பிடிப்பது என்று பெரிதாக ஒன்றுமில்லை. இறால் துண்டைக் குத்தி எறிந்தால் பாதி நாள் தங்கூசி நூல் கல்லிடுக்கில் மாட்டி அறுந்து போகும். மிச்ச நாளில் உள்ளங்கை அகலத்தில் ஏதாவது வரும். எப்போதாவது அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பாரை. தண்டவாளத்தில் நடந்துபோகிற சிங்களப் பெடியன்கள் "அங்கிள், மாளு ஹம்புனாத?" என்று மீன் கிடைத்ததா எனக் கேட்பார்கள். "நே" என்பேன். கிடைத்திருந்தாலும் "நே" தான். ஓம் என்றால் வந்து பார்ப்பார்கள், பார்த்தால் கதைப்பார்கள்.

அங்கே நான் கதைத்த ஒரே ஆள் நானா. காலி வீதியில் புடைவைக் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர். கடையை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு, மகன்மார் தன்னை எதிலும் கைவைக்க விடுகிறார்களில்லை என்று கோபித்துக்கொண்டு கல்லுக்கு வந்தவர். வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், அதனால் அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி எனக்கு நானா. வங்கியில் இருந்தவன் என்பதால் நான் அவருக்கு சேர். எவ்வளவு சொல்லியும் அதை விடவில்லை.

எங்களுடைய ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். கட்டிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. சாத்திரக்காரன் சொன்னதெல்லாம் செய்தாயிற்று, அங்கே டொக்டர் சொன்னதெல்லாம் செய்தாயிற்று. சனத்துக்கு வேறு வேலை இல்லை. கலியாண வீட்டில் மனைவியைக் கண்டால் முதல் கேள்வியே "மகளுக்கு இன்னும் ஒண்டும் இல்லையோ?" என்பதுதான். அவள் சிரித்துச் சமாளித்துவிட்டு, வீட்டுக்கு வந்து குசினிக்குள் நின்று பாத்திரங்களோடு சண்டை பிடிப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜிந்துப்பிட்டி முருகன் கோயிலுக்குப் போய் வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, நான் நேர்த்தி வைச்சிட்டன். பிள்ளையின்ர கையில ஒரு பிள்ளை வருமட்டும் இந்த வீட்டில மச்சம் இல்லை. மீன், முட்டை, ஒண்டும் இல்லை."

என்னைக் கேட்டாளா? இல்லை. என்னுடைய நாக்கையும் சேர்த்து முருகனிடம் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறாள். ஆனால் அவளைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. மீன் என்றால் உயிரை விடுகிற மனுசி அவள். குழம்பில் தலைத்துண்டு யாருக்கு என்று எங்கள் வீட்டில் ஒருநாளும் கேள்வியே வந்ததில்லை. முள்ளைச் சூப்பிச் சூப்பித் தட்டின் ஓரத்தில் அடுக்கி வைப்பாள். அதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள்.

"அரசமரத்தை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை கேள்விப்பட்டிருக்கிறன். நீர் முருகனை நம்பி மீனைக் கைவிட்டிட்டீர்" என்றேன்.

"பகிடி விடாதேங்கோ. உங்கட தூண்டிலும் இனி வேண்டாம்."

"நேர்த்தியில தூண்டிலைச் சொன்னீரோ?"

அவள் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாது. "இல்லை. சமைக்கிறதும் தின்னுறதும்தான் சொன்னனான்."

"அப்ப பிடிக்கிறது என்ர பாடு. வீட்டுக்குக் கொண்டு வரமாட்டன்."

அப்படி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். நான் பிடித்ததெல்லாம் நானாவின் பையில் போயிற்று. அவருக்குக் கூச்சம். "வெளிய கடையில சரி சாப்பிடுங்களே சேர், யாரு பாக்குற?" என்பார். எனக்கு மனம் வரவில்லை. பக்தி என்று பெரிய கதை சொல்லமாட்டேன். அவள் பருப்பையும் கீரையையும் பிசைந்துகொண்டு இருக்கும்போது நான் மட்டும் எங்கேயோ ஒளித்திருந்து மீன் தின்றால் அது தொண்டையில் இறங்காது, அவ்வளவுதான்.

மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்த அன்று, மனைவி சாமிப் படத்தட்டுக்கு முன்னால் இருந்து எழும்பவே இல்லை. நான் சமையலறைக்குள் போய் நின்று அழுதேன். பிறகு இரண்டு பேரும் தேத்தண்ணீர் குடித்தோம். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அதன்பிறகு அவளுக்குப் பயம் பிடித்தது. நேர்த்தி பலித்துவிட்டது, இனி அதில் ஒரு கீறலும் விழக்கூடாது என்ற பயம். சந்தையில் மீன் பக்கம் போகாமல் சுற்றிப் போனாள். நான் கடற்கரையால் வந்தால் கீழே கார் நிறுத்துமிடத்துப் பைப்பில் கை கால் முழுக்கக் கழுவிவிட்டுத்தான் மேலே ஏறவேண்டும். ஏறினாலும் வாசலில் வைத்து என் விரல்களை மணந்து பார்ப்பாள். "இன்னும் மணக்குது, திரும்பிப் போங்கோ" என்பாள். லிஃப்ட் பழுதான நாட்களில் அந்தப் படிகளில் ஏறி இறங்கி எனக்கு இடுப்பு நாரி விட்டுப் போயிற்று. வாச்மேன் என்னைக் கண்டாலே பைப்பைத் திறந்துவிடத் தொடங்கினான்.

மகள் அந்த நாட்களில் ஒரு படம் அனுப்பினாள். அவர்களுடைய ஊரில் பெரிய ஆறு ஒன்று குடாவாக விரிந்து கிடக்கிறது. அதற்குள் நீட்டிக் கட்டிய மரப்பாலத்தில் தடித்த கோட்டுப் போட்ட கிழவர்கள் தூண்டிலோடு நிற்கிறார்கள். "அப்பா, பிள்ளை பிறக்க அம்மாவோட வாங்கோ. நான் வேலைக்குப் போனா நீங்கள் இதில நிக்கலாம்" என்று எழுதியிருந்தாள். நானாவிடம் காட்டினேன். "மிச்சம் குளிரா ஈக்கும் போல. ஆனா கல்லுல சறுக்கி விழுற பயமில்ல" என்றார். மனைவி சின்னச் சின்னப் பருத்திச் சட்டைகள் தைக்கத் தொடங்கினாள். பிறக்க முதல் தைக்கக்கூடாது என்று யாரோ சொல்ல, தைத்ததை ஒளித்து வைத்தாள்.

நோம்புக் காலம் வந்தது. அந்த நாட்களில் கடல் குளம்போலக் கிடந்தது. ஒரு பின்னேரம் என் தடி வளைந்த வளைவில் நானே பயந்துபோனேன். நானா தன் தடியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நோம்பு பிடித்த களையோடு கல்லில் குந்தியிருந்து "விடுங்க, விடுங்க, இப்ப இழுங்க" என்று கத்தினார். நல்ல பாரை. எனக்கு அதுவரை அப்படி ஒன்று வந்ததில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை. வெள்ளி வயிறு மின்னிக்கொண்டு கல்லில் கிடந்தது. இந்த மீனை மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்க முடியவில்லையே என்று அன்று உண்மையாகவே எனக்குத் துக்கமாக இருந்தது. நானாவின் பையில் போட்டேன்.

மறுநாள் பின்னேரம் நான் மருந்து எடுக்கப் பார்மசிக்குப் போயிருந்த நேரத்தில், நானா எங்கள் வீட்டுக்கு வந்து நோம்புக் கஞ்சியும் ஒரு பெட்டி கட்லட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வருஷா வருஷம் அவருடைய மனைவி அனுப்புவதுதான். எங்கள் நேர்த்தி தெரிந்து, இம்முறை எங்களுக்கென்று தனியாக மரக்கறியில் செய்து, கஞ்சிக்கும் இறைச்சி போடாமல் காய்ச்சியிருந்தார்கள். நான் வீட்டுக்கு வந்தபோது கஞ்சி மேசையில் இருந்தது. கட்லட் பெட்டி கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

"கட்லட் எங்கை?"

"நான் ரெண்டு சாப்பிட்டனான். மிச்சத்தைக் கீழ்வீட்டுக்குக் குடுத்திட்டன். உங்களுக்குச் சீனி வருத்தத்தோட எண்ணெய்ச் சாமான் ஏன்?"

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் கேட்பதற்கும் அலுப்பு. கஞ்சியைக் குடித்தேன்.

அடுத்த நாள் கல்லுக்குப் போனால், நானா தூண்டில் போடாமல் எனக்காகக் காத்து நின்றார். முகம் செத்துப் போயிருந்தது.

"சேர், ஒரு கத ஈக்கி. கோவிக்க வாணாம். பொட்டி மாறிட்டு. மரக்கறிப் பொட்டி மத்த ஊட்டுக்குப் போயிட்டு. ஒங்கட ஊட்டுக்கு வந்தது மீன் கட்லட். முந்தாநாள் நீங்க புடிச்ச பாரை. வல்லாஹி, வேணுமெண்டு செய்யல்ல. எங்கட ஊட்டுக்காரி அழுதுட்டு ஈக்கா."

கல்லில் குந்திவிட்டேன். ஒரே மாதிரிப் பெட்டி, ஒரே மாதிரிப் பொரியல். தூளும் மிளகும் தேசிக்காயும் போட்டுப் பிசைந்து பொரித்தால் உள்ளே உருளைக்கிழங்கா மீனா என்று யார் கண்டார்? அவள் மரக்கறி என்று நம்பித்தான் தின்றிருக்கிறாள். தெரியாமல் செய்தது பாவமில்லை என்று நானாவுக்கும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். "இதை அவவுக்குச் சொல்லாதேங்கோ. நானும் சொல்லமாட்டன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கிழவர்களும் அன்று ஒன்றும் பிடிக்காமல் வீட்டுக்குப் போனோம்.

நோம்புப் பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் மருமகன் போன் எடுத்தார். பிள்ளை தங்கவில்லை. கரு கலைந்துவிட்டது. யாருடைய பிழையும் இல்லை, பலருக்கு நடக்கிறதுதான், மகள் சுகமாக இருக்கிறாள் என்று டொக்டர் சொன்னதாகச் சொன்னார். மனைவி போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். மருமகன் வைத்த பிறகும் எடுக்கவில்லை.

அழுகை எல்லாம் பிறகு வந்தது. அழுகைக்குப் பிறகு பழி வந்தது.

"நீங்கள்தான். நான் வேண்டாம் வேண்டாம் எண்டு சொன்னனான். ஒவ்வொரு நாளும் ஒரு உயிரைத் துடிக்கத் துடிக்க இழுத்தெடுத்தீங்கள். அந்தப் பாவம் எங்கை போகும்? எங்கட பிள்ளையின்ர வயித்திலதான் விழுந்தது."

நான் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் கோபத்தில் கட்லட் கதை வெளியே வந்துவிடும். நேர்த்தி வைத்தவளின் வாயாலேயே நேர்த்தி உடைந்தது என்று தெரிந்தால் இந்த மனுசி தாங்கமாட்டாள். என்னில் கோபிப்பதென்றால் கோபிக்கட்டும். பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் பாவமே இல்லாமல் பழி மட்டும் நடந்துகொண்டிருந்தது. தன் தமக்கைக்குப் போனில் இதையே சொன்னாள். மகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறாள். மகள் எனக்குத் தனியாகப் போன் எடுத்து, "அப்பா, அம்மா விசர்க்கதை கதைக்கிறா, நீங்கள் மனசில எடுக்காதேங்கோ" என்றாள். பிள்ளையை இழந்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள். அன்றுதான் எனக்கு வாழ்க்கை வெறுத்தது.

தூண்டிலை அலுமாரிக்குப் பின்னால் வைத்தேன். அவள் கேட்டு அல்ல. தடியைத் தூக்கவே கை வரவில்லை. நான் விட்டால் அவளுடைய கோபம் இறங்கும் என்று பார்த்தேன், அது இறங்கவில்லை. அவள் நன்றாகச் சாப்பிடவும் இல்லை. சோற்றை அளைவாள், எழும்பிவிடுவாள். கன்னம் ஒட்டிக்கொண்டு வந்தது. நேர்த்தி இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தது. பருப்பு, கீரை, பருப்பு. இரண்டு பேரும் ஒரு வீட்டுக்குள் ஒருவர் காலில் ஒருவர் இடறாமல் நடந்து பழகிக்கொண்டோம்.

தென்மேல் காற்று தொடங்கிக் கடலும் கெட்டுவிட்டது. அலை கற்களுக்கு மேலால் ஏறித் தண்டவாளத்தை நனைத்தது. அந்தக் காலத்தில் ஒருவரும் தூண்டில் போடுவதில்லை. ஆனாலும் பின்னேரங்களில் போய் மரைன் டிரைவ் ஓரத்துச் சீமெந்துக் கட்டின் மேல் சும்மா இருந்தேன். வீட்டில் இருப்பதைவிட அது நல்லது.

அப்படி இருந்த ஒரு பின்னேரம் மனைவி வந்தாள். தூண்டில் போட்ட காலம் முழுவதும் ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள். வீட்டுச் சட்டைக்கு மேல் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு, காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்தாள். நான் பாதி எழும்பிவிட்டேன்.

"பிள்ளைக்கு ஏதும்...?"

"ஒண்டுமில்லை. அவள் நித்திரை கொள்ளுவாள் இப்ப." பக்கத்தில் இருந்தாள். ரத்மலானைப் பக்கம் போகிற ரயில் ஒன்று, வாசலில் ஆட்கள் தொங்கிக்கொண்டு, எங்களைக் கடந்து போயிற்று. அது போகும்வரைக்கும் பார்த்திருந்தாள் போல.

"நோம்புக்கு வந்த கட்லட். அது மரக்கறி இல்லை. மீன்."

யார் சொன்னது? நானாவா? அவர் சொல்லமாட்டாரே. "தெரியும்" என்றேன். "பெட்டி மாறிப்போச்சு. நானா அடுத்த நாளே வந்து சொன்னவர். உமக்குச் சொன்னாக் கவலைப்படுவீர் எண்டுதான் விட்டனான். தெரியாமல் திண்டது ஒரு குற்றமே? சாமிக்கு அது தெரியாதே?"

அவள் என்னைப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"முதல் கடியிலேயே தெரியும். மீன் தின்னத் தெரியாதவளே நான்? துப்பியிருக்கலாம். துப்பேல்லை. கதவைப் பூட்டினனான். குசினிக்குள்ள நிண்டு எல்லாத்தையும் திண்டனான். கீழ்வீட்டுக்கு ஒண்டும் குடுக்கேல்லை. ஒண்டுகூட மிச்சம் விடேல்லை. திண்டுபோட்டு, வாயைக் கொப்புளிச்சுப்போட்டு, விளக்கேத்தினனான். என்ர பிள்ளையின்ர பிள்ளையை நான் திண்டிட்டன் அப்பா."

"விசர்க்கதை கதையாதேயும். டொக்டர் என்ன சொன்னவர்?"

"டொக்டருக்கு நேர்த்தி தெரியுமே? உங்களைத்தான் எல்லாரிட்டையும் சொன்னன். உங்களைச் சொல்லச் சொல்ல, அது உண்மையா இருக்கக்கூடாதோ எண்டு இருந்துது. நீங்களும் ஒரு சொல் திருப்பிச் சொல்லேல்லை. ஒரு நாளாவது பேசியிருந்தா நான் அண்டைக்கே சொல்லியிருப்பன்."

அவளுடைய நேர்த்தியைக் காக்க நான் வாயைப் பூட்டியிருக்க, அந்தப் பூட்டுக்குள் இவள் இத்தனை நாளும் தனியாக வெந்திருக்கிறாள். நீர் ஒரு பாவமும் செய்யவில்லை என்று சொன்னால் நம்பமாட்டாள். முருகன் அப்படிப்பட்டவர் இல்லை என்று சொல்ல நான் யார்? எவ்வளவோ மாதம் பருப்போடு கிடந்த மனுசி, பூட்டிய கதவுக்குப் பின்னால் அவசரம் அவசரமாகத் தின்றுகொண்டு நிற்பது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

"நல்லா இருந்ததோ?" என்று கேட்டேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பகிடியா என்று முகத்தைத் தேடினாள். பகிடி இல்லை என்று கண்டதும் அவளுடைய உதடு கோணியது.

"ஓம்" என்றாள். "சரியான நல்லா இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு."

சொல்லிவிட்டு, நடக்கிற சனமெல்லாம் பார்க்க, வாய்விட்டு அழத் தொடங்கினாள். எழும்பு, வீட்டுக்குப் போவோம் என்று நான் சொல்லவில்லை. அவளுடைய கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டு, அழுது முடியுமட்டும் இருந்தேன்.